கம்ப்யூட்டரே பாத்துடுச்சு, அப்புறம் எதுக்கு சார் ஸ்கேன்?

கொஞ்சம் நீளமான த்ரெட். வயித்துல ஓடுற பெரிய ரத்தக்குழாய் வீங்குறதைப் பத்தி, அதுக்குள்ள வைக்கிற ஸ்டென்ட் கிராஃப்டைப் பத்தி, அதை உடம்புல வைக்கிறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல வச்சுப் பாக்குற தொழில்நுட்பத்தைப் பத்தி. வீட்ல 65 தாண்டின அப்பாவோ தாத்தாவோ பீடி, சிகரெட் பழக்கத்தோட இருந்தா தயவுசெய்து கடைசி வரைக்கும் படிங்க.

போன வாரம் ஓ.பி.யில ஒரு பெரியவர். குள்ளஞ்சாவடிப் பக்கத்து ஊர். வயசு 71. வாலிபத்துல நெய்வேலி சுரங்கத்துல கான்ட்ராக்ட் வேலை, அப்புறம் சொந்தமா கொஞ்சம் முந்திரித் தோப்பு. மார்கழிக் குளிருக்குத் தலையில துண்டு கட்டிக்கிட்டு, பையனோட பைக்ல வந்திருந்தார்.

அவரை எனக்கு ஏற்கனவே தெரியும். மூணு வருஷம் முன்னாடி, முந்திரி சீசன்ல, "முதுகு வலி, வாயுத் தொல்லை"ன்னு வந்தார். அன்னிக்கு ஓ.பி.யில 180 பேர். படுக்க வச்சுப் பாக்காம கேஸ்ட்ரிக் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புனேன். ஆமா, நான்தான். பத்து நாள் கழிச்சு அவர் சம்சாரத்தோட திரும்ப வந்தார். அந்த அம்மாதான் சொன்னாங்க: "தம்பி, ஒரு வாட்டி படுக்க வச்சுப் பாருங்க. ராத்திரியில அவர் வயித்து மேல கை வச்சா உள்ள ஏதோ துடிக்குது."

படுக்க வச்சு தொப்புளுக்கு மேல ரெண்டு கையையும் வச்சேன். ஒவ்வொரு துடிப்புக்கும் என் ரெண்டு கையும் விலகுச்சு. மேல தூக்குற துடிப்பு ஒல்லியான ஆட்கள்ல சாதாரணமா தெரியும். கையைப் பக்கவாட்டுல தள்ளுற துடிப்பு அப்படி இல்ல. ஸ்கேன் எடுத்தா மகாதமனி 6.3 சென்டிமீட்டர்.

அந்த இடத்துல அது சாதாரணமா 2 சென்டிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். 3 தாண்டினா வீக்கம்னு பேர். ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 தொட்டா, உடம்பு தாங்கும்னா சரி பண்ணிடணும்ங்கறது பொதுவான அளவு. வெடிச்சா பத்துல எட்டு பேர் வரைக்கும் பிழைக்கிறதில்ல, அதுல பலர் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்து சேர மாட்டாங்க.

அனுப்பி வச்சோம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில தொடை இடுக்கு வழியா ஸ்டென்ட் கிராஃப்ட் வச்சாங்க. வயித்தைக் கிழிக்கல. நாலாம் நாள் நடந்தே வீட்டுக்கு வந்துட்டார். ஆனி மாசம் ஒரு பலாப்பழத்தை சாக்குல சுத்தி எடுத்துட்டு வந்து ஓ.பி. மேஜையிலேயே வச்சுட்டுப் போனார். அதோட சரி. மூணு வருஷமா ஆளைக் காணோம்.

போன வாரம் மறுபடியும் அதே முதுகு வலி. பையை வாங்கிப் பாத்தா டிஸ்சார்ஜ் சம்மரி அன்னிக்குக் கொடுத்த மடிப்பு கலையாம இருக்கு. ஒரு மாசத்துல சிடி, ஒரு வருஷத்துல சிடி, அப்புறம் வருஷாவருஷம்னு தெளிவா எழுதியிருக்காங்க, இங்கிலீஷ்ல. ஒண்ணு கூட எடுக்கல.

ஏன்னு பையன்கிட்ட கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தர்றேன்.

"சார், அங்க அப்பா வயித்தையே கம்ப்யூட்டர்ல காட்டுனாங்க. குழாயைச் சுத்திச் சுத்திக் காட்டி, இதுல இப்படி ஸ்டென்ட் உக்காரும்னு சொன்னாங்க. கம்ப்யூட்டரே எல்லாம் பாத்துடுச்சு, அப்புறம் எதுக்கு சார் ஸ்கேன்?"

இந்த த்ரெட்டை எழுத வச்சது அந்தக் கேள்விதான். பையன் மேல எனக்குக் கோபம் இல்ல. இப்பல்லாம் யூடியூப்ல "டிஜிட்டல் ட்வின்", உங்க இதயத்துக்கு ஒரு நகல், உங்க ரத்தக்குழாய்க்கு ஒரு நகல்னு வீடியோ வந்துக்கிட்டே இருக்கு. படிச்சவங்களே அதை ஜாதகம் மாதிரி நம்புறாங்க. நானும் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்ல. அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும், எதுக்குச் சொல்லாதுங்கறதை நோயாளிக்கு யாரும் விளக்குறதில்ல. என் சண்டை அதோடதான்.

முதல்ல நோயைப் புரிஞ்சுக்கலாம். நெய்வேலிக்காரங்களுக்கு இது ஈஸி. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழ ஊத்துத் தண்ணி பயங்கர அழுத்தத்துல இருக்கு. ராத்திரி பகலா பம்ப் ஓட்டி அந்த அழுத்தத்தைக் குறைக்கலைன்னா சுரங்கத் தரையைப் பொத்துக்கிட்டு மேல வந்துடும். (அந்தப் பம்பு சுத்துவட்டாரக் கிணறுகளை என்ன பண்ணுச்சுங்கறது தனிப் பஞ்சாயத்து, இன்னொரு நாள்.) மேல இருக்கிற தரை எவ்வளவு கெட்டி, கீழ அழுத்தம் எவ்வளவு, இந்த ரெண்டுக்கும் நடுவுல நடக்குற போட்டிதான் விஷயம்.

மகாதமனியிலயும் அதே போட்டி. ரத்த அழுத்தம் மாறாம குழாயோட விட்டம் 2-லிருந்து 6 ஆனா, சுவர்ல இழுவிசை மூணு மடங்கு ஆகும். சுவர் வேற மெலிஞ்சுக்கிட்டே போகும். ஊத ஊத பலூன் ரப்பர் மெலியுற மாதிரி. சிகரெட், பீடி, பிபி, வயசு, பரம்பரை எல்லாம் சேர்ந்து அந்தச் சுவரை அரிக்குது. இதுல புகைக்குத்தான் முதல் இடம்.

ஐன்ஸ்டைனுக்கு இருந்தது இதே நோய்தான். 1948 டிசம்பர்ல ருடால்ஃப் நிஸ்ஸன்ங்கற சர்ஜன் அந்த வீக்கத்தை செல்லோஃபேன் தாள்ல சுத்தி விட்டார். மிட்டாய் சுத்துற தாள் இனம்தான். சுத்தி தழும்பு உண்டாகி சுவர் கெட்டியாகும்னு ஒரு கணக்கு. ஆறு வருஷத்துக்கு மேல தாங்குச்சு. 1955 ஏப்ரல்ல வெடிச்சப்ப மறு ஆபரேஷன் வேணாம்னு சொல்லிட்டார்.

1951-ல பாரிஸ்ல சார்ல்ஸ் டுபோஸ்ட் வீங்கின பகுதியை வெட்டி எடுத்துட்டு, இறந்தவர் உடம்புல இருந்து எடுத்த தமனியை வச்சுத் தைச்சார். அப்புறம் ஹூஸ்டன்ல மைக்கேல் டிபேக்கி கடையில டேக்ரான் துணி வாங்கி, வீட்டுத் தையல் மெஷின்லயே குழாய் தைச்சுப் பாத்தார். டேக்ரான்னா பாலியெஸ்டர். குறிஞ்சிப்பாடி லுங்கித் தறிக்காரங்க சிரிப்பாங்க, ஆனா இன்னிக்கு வைக்கிற பல கிராஃப்டுகள்லயும் நெய்த பாலியெஸ்டர்தான் இருக்கு. நெருக்கமா நெஞ்சா ரத்தம் கசியாது, ஆனா துணி தடிச்சு சின்னக் குழாய்க்குள்ள மடங்காது. லேசா நெஞ்சா மடங்கும், ஆனா சீக்கிரம் தேயும். தறிக்காரருக்குத் தெரிஞ்ச அதே பிரச்சினை.

1990 செப்டம்பர்ல பியூனஸ் அயர்ஸ்ல ஹுவான் பரோடி அந்தத் துணிக்குழாயை மடிச்சு, தொடைத் தமனி வழியா மேல ஏத்தி, உள்ளேயே விரிச்சு நிறுத்தினார். அதுக்கு முன்னாடியே, 1987-ல, கார்கிவ் நகரத்துல நிகோலாய் வோலோடோஸ் நெஞ்சுப் பகுதி மகாதமனியில இதே மாதிரி செஞ்சிருந்தார். அப்ப சோவியத் நாடு, அதனால உலகத்துக்குத் தெரிய நேரமாச்சு.

இப்ப பையன் பாத்த கம்ப்யூட்டருக்கு வர்றேன்.

அவர் பாத்தது அளவு எடுக்கிற மென்பொருள். சிடி ஆஞ்சியோ படங்களை அடுக்கி முப்பரிமாணமாக் காட்டும். சிறுநீரகத் தமனிக்குக் கீழ எத்தனை மில்லிமீட்டர் நல்ல குழாய் மிச்சம் இருக்கு (இதை நாங்க "கழுத்து"ன்னு சொல்வோம்), எவ்வளவு வளைஞ்சிருக்கு, இடுப்புத் தமனி எவ்வளவு அகலம்னு அளந்து சொல்லும். அதை வச்சு குழாய் அளவைவிட 10-லிருந்து 20 சதவீதம் பெருசா ஒரு கிராஃப்டைத் தேர்ந்தெடுப்பாங்க. டெய்லர் அளவு எடுக்கிற வேலை. ரொம்ப அவசியமான வேலை. ஆனா சட்டை மூணு வருஷம் கழிச்சு எப்படி இருக்கும்னு டெய்லர் அளவுநாடா சொல்லாது.

சிமுலேஷன்ங்கறது வேற. அதுல அந்த முப்பரிமாணக் குழாயை லட்சக்கணக்கான குட்டித் துண்டுகளாப் பிரிப்பாங்க. ஒவ்வொரு துண்டுக்கும் இவ்வளவு விறைப்பு, இவ்வளவு நீட்சின்னு குணம் கொடுப்பாங்க. சுண்ணாம்பு படிஞ்ச இடத்துக்கு ஒரு குணம், உள்ள உறைஞ்ச ரத்தத்துக்கு ஒரு குணம். ஸ்டென்ட் கிராஃப்டையும் அதே மாதிரி வளையம் வளையமா, துணியோட சேர்த்து வரைவாங்க. அந்த வளையம் பெரும்பாலும் நிட்டினால். நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்த கலவை, அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்துல கண்டுபிடிச்சது. அந்த ஆய்வுக்கூடத்தோட முதல் எழுத்துகள்தான் பேரோட பின்பாதி. குளிர வச்சு அமுக்கினா அமுங்கும், உடம்புச் சூடு பட்டா பழைய வடிவத்துக்கு விரியும்.

அப்புறம் கம்ப்யூட்டர் ஆபரேஷனை நடத்தும். விறைப்பான கைடு வயரை ஏத்தும்போது வளைஞ்ச இடுப்புத் தமனி நிமிருது. உறையிலிருந்து கிராஃப்ட் விடுபடுது, ஒவ்வொரு வளையமும் சுவரைத் தள்ளுது, சுவர் திருப்பித் தள்ளுது. ரெண்டும் சமாதானம் ஆகுற வரைக்கும் கணக்கு ஓடும். முடிவுல கழுத்துல எங்க இடைவெளி விழுது, எந்தக் கால் மடங்கிக்குது, சிறுநீரகத் தமனிக்காகக் கிராஃப்ட்ல போட்ட ஓட்டை சரியா அந்த வாயிலேயே வந்து நிக்குதான்னு பாக்கலாம்.

கடைசியாச் சொன்னது சாதாரண விஷயம் இல்ல. கழுத்தே இல்லாத நோயாளிக்கு ஓட்டை போட்ட கிராஃப்டை ஆர்டர் கொடுத்துச் செய்யணும். ஓட்டை சில மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே கிட்னிக்கு ரத்தம் போறதுல சிக்கல் வரும். அங்க முன்கூட்டியே வச்சுப் பாக்குறது நிஜமாவே உயிர் காக்குற வேலை. பிரான்ஸ்ல செயின்ட் எத்தியேன் சுரங்கப் பொறியியல் கல்லூரியில இதுக்கு ஒரு நல்ல குழு இருக்கு. நம்ம ஊர் மாதிரியே நிலக்கரி ஊர்தான் அது.

அந்தக் குழு 2015-ல கணிப்பையும், ஆபரேஷனுக்கு அப்புறம் எடுத்த சிடியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட்டு வெளியிட்டாங்க. ரொம்ப நேர்மையான வேலை. கட்டுரைத் தலைப்புலயே எத்தனை நோயாளிகள்னு போட்டிருப்பாங்க. மூணு பேர். அதுக்கப்புறம் துறை வளர்ந்திருக்கு, எண்ணிக்கை கூடியிருக்கு. ஆனா இந்த மாதிரி வேலை எவ்வளவு மெதுவா, எவ்வளவு கவனமா நகருதுன்னு புரிஞ்சுக்க அந்த "மூணு" போதும். வாட்ஸ்அப் வீடியோவுல வர்ற குரல் இவ்வளவு கவனமாப் பேசுறதில்ல.

சிமுலேஷனோட முதல் பலவீனம் சுவர். தமனிச் சுவர் ஒன்றரை, ரெண்டு மில்லிமீட்டர் தடிமன். சிடியில அதை நம்பி அளக்க முடியாது. அது எவ்வளவு பலமா இருக்குன்னு படத்துல தெரியவே தெரியாது. பலத்தைத் தெரிஞ்சுக்க ஒரே வழி, ஒரு துண்டை வெட்டி ஆய்வுக்கூடத்துல இழுத்துக் கிழிச்சுப் பாக்குறது. உயிரோட இருக்கிற ஆள்கிட்ட அது நடக்காது. அதனால பொறியாளர்கள் சராசரி எண்ணைப் போடுறாங்க. அந்தச் சராசரி பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்க உடம்புகள்ல இருந்து வந்தது. அம்பது வருஷம் பீடி இழுத்த குள்ளஞ்சாவடி தாத்தாவோட சுவர் அந்தச் சராசரியில எங்க நிக்குது? கிழக்காசிய ஆய்வுகள்ல, அந்த மக்களுக்குப் பொது இடுப்புத் தமனி மேற்கத்திய ஆட்களைவிடக் குட்டைன்னு வந்திருக்கு. நம்ம ஆட்களுக்கும் நம்ம ஊர்லயே அளந்து சேர்க்கணும்.

ரெண்டாவது பலவீனத்தைத்தான் நான் பெருசா நினைக்கிறேன். பெரும்பாலான சிமுலேஷன் பதில் சொல்றது வைக்கிற நாள் கேள்விக்கு. சரியா உக்காருமா, மடங்குமா, கசியுமா. ஆனா ஸ்டென்ட் கிராஃப்ட் தோத்துப்போறது பெரும்பாலும் வைக்கிற நாள் இல்ல.

இங்கிலாந்துல ஈவார்-1ன்னு பெரிய ஆய்வு. 1999-ல ஆரம்பிச்சது. 2004-ல முதல் முடிவு வந்தப்ப உலகமே கொண்டாடுச்சு. 30 நாளுக்குள்ள இறந்தவங்க வயித்தைத் திறந்து பண்ணினதுல 4.7 சதவீதம், ஸ்டென்ட் கிராஃப்ட்ல 1.7 சதவீதம். அதே நோயாளிகளை 15 வருஷம் பின்தொடர்ந்து 2016-ல மறுபடியும் வெளியிட்டாங்க. எட்டு வருஷத்துக்கு அப்புறம் கணக்கு தலைகீழ். ஸ்டென்ட் கிராஃப்ட் வச்சவங்கள்ல சாவு அதிகம். காரணம், வீக்கம் மறுபடியும் ரத்தம் வாங்கி வெடிச்சது. கழுத்து மெதுவா அகலமாகுது, கிராஃப்ட் மெல்ல நழுவுது, பக்கத்துக் கிளைகள்ல இருந்து ரத்தம் கசியுது. ஒரு வருஷத்துக்குச் சுமார் நாலு கோடி இதயத் துடிப்பு. ஒவ்வொரு துடிப்பும் ஒரு சின்ன உதை.

இதைத் தெரிஞ்சுதான் கருவியை மெஷின்ல போட்டு பத்து வருஷத்துக்குச் சமமா 40 கோடி தடவை துடிக்க விட்டு சோதிக்கிறாங்க. உலோகம் உடையுதா, துணி தேயுதான்னு அதுல தெரியும். நோயாளியோட கழுத்து விரியுமான்னு தெரியாது. அது உயிருள்ள திசு, மெஷின்ல இல்ல.

கருவி தோத்தா கம்பெனி தானா வந்து சொல்லிடும்னு நம்பவும் வேணாம். கைடன்ட் கம்பெனியோட ஒரு துணை நிறுவனம் ஆன்க்யூர்னு ஒரு ஸ்டென்ட் கிராஃப்ட் வித்துச்சு. கருவி கோளாறானதா வந்த 2,600-க்கும் மேல சம்பவங்களை அமெரிக்க அரசுகிட்ட முறையாத் தெரிவிக்கலைன்னு 2003-ல குற்றத்தை ஒத்துக்கிட்டு 9 கோடி டாலருக்கு மேல கட்டினாங்க. அதுல 12 சாவும் அடக்கம். நெல்லிக்ஸ்னு இன்னொரு கருவி, ஆரம்பத்துல ரொம்ப நல்ல பேர். நழுவுதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. 2019 ஜனவரியில திரும்ப எடுத்துட்டாங்க. ரெண்டு கதையிலயும் உண்மை வெளிய வந்தது வச்சதுக்கு அப்புறம்தான்.

இப்ப என் கருத்து. என் பட்டம் எம்.பி.பி.எஸ். மட்டும்தான், நான் ரத்தநாள சர்ஜன் இல்ல. இந்தக் கிராஃப்டை நான் வச்சதும் இல்ல. ஆனா நோயைக் கண்டுபிடிக்கிற கையும், மூணு வருஷம் கழிச்சு திரும்பி வர்றப்ப பாக்குற கையும் எங்களோடது. அந்த உரிமையில சொல்றேன்.

சிமுலேஷன் வேணும். அரசு ஆஸ்பத்திரிக்கும் வேணும். "இது கார்ப்பரேட் சமாச்சாரம், நமக்கு எதுக்கு"ன்னு பேசுறவங்களோட நான் ஒத்துப்போகல. ஏழைக்குத்தான் ரெண்டாவது ஆபரேஷனைத் தாங்க முடியாது, அதனால முதல் தடவையே சரியா உக்காரணும். ஆனா ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனித்தனியா வெளிநாட்டு மென்பொருளுக்கு வருஷ சந்தா கட்டத் தேவையில்ல. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில ரத்தநாள அறுவை சிகிச்சைக்குன்னே தனி நிறுவனம் இருக்கு. சென்னை ஐஐடியில இயந்திரவியலும் உயிரிமருத்துவப் பொறியியலும் ஒரே துறையா இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல சில கிலோமீட்டர்தான் தூரம். எல்லா அரசு மருத்துவக் கல்லூரியில இருந்தும் சிடியை ஒரே இடத்துக்கு அனுப்பி, ஒரே குழு திட்டம் போட்டுத் திருப்பி அனுப்ப முடியும்.

"நம்மால முடியுமா"ன்னு கேக்குறவங்களுக்கு: திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்துல வலியத்தான் தலைமையில செயற்கை இதய வால்வு செஞ்சப்ப முதல் மாடல்கள் வரிசையாத் தோத்துச்சு. உடைஞ்சுது, தேஞ்சுது. விடாம ஒவ்வொண்ணும் ஏன் தோத்துச்சுன்னு எழுதி வச்சாங்க. 1990 டிசம்பர்ல முதல் நோயாளிக்கு வச்சாங்க. அந்த வால்வு இன்னிக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவங்களுக்குப் போயிருக்கு. வெளிநாட்டு வால்வைவிட விலை ரொம்பக் குறைவு.

விலைன்னதும் ஞாபகம் வருது. இதயத்துக்கு வைக்கிற ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு 2017 பிப்ரவரியில உச்சவரம்பு போட்டுச்சு. மருந்து பூசினது 29,600 ரூபாய்னு அன்னிக்கு நிர்ணயம். மகாதமனிக் கிராஃப்ட் அந்த உத்தரவுல இல்ல. அது லட்சங்கள்ல. சிமுலேஷன் பத்திப் பேசுறவங்க இதையும் பேசணும்.

அப்புறம் மென்பொருளை யார் சோதிக்கிறது? நம்ம நாட்டுல 2020 ஏப்ரல்ல இருந்து மருத்துவ மென்பொருளும் சட்டப்படி மருத்துவ உபகரணம்தான். கணிப்பு மாடலை எவ்வளவு நம்பலாம்னு எடை போட அமெரிக்கப் பொறியாளர் சங்கம் 2018-ல ஒரு அளவுகோல் வெளியிட்டுச்சு, அமெரிக்க எஃப்டிஏ 2023 நவம்பர்ல இறுதி வழிகாட்டல் கொடுத்துச்சு. ரெண்டுலயும் சாரம் ஒண்ணுதான்: கணிப்பு தப்பானா நோயாளிக்கு எவ்வளவு ஆபத்தோ அந்த அளவுக்கு ஆதாரம் கேளு. நல்ல விதி. எங்க ஆத்தா சந்தையில மாடு வாங்குறப்ப இதே விதியைத்தான் கடைப்பிடிச்சாங்க.

ஒரு ரத்தநாள சர்ஜன் நண்பர் இந்த த்ரெட்டோட வரைவைப் படிச்சுட்டு, "முப்பது வருஷமா சிமுலேஷன் இல்லாமத்தானே வைக்கிறோம், அந்தக் காசுல பெரிஃபெரியில பத்து அல்ட்ராசவுண்ட் மெஷின் வாங்கலாம்"னார். பாதி சரி. இங்கிலாந்துல 65 வயசு ஆண்கள் எல்லாருக்கும் 2009-லிருந்து ஸ்கேன் பண்ண ஆரம்பிச்சு 2013-ல நாடு முழுக்கக் கொண்டு போயிட்டாங்க. அதை அப்படியே நாம காப்பி அடிக்க வேணாம். இந்த நோய் ஆசியர்கள்கிட்ட ஐரோப்பியர்கள் அளவுக்கு இல்ல, எல்லாரையும் ஸ்கேன் பண்ணினா நேரமும் காசும் வீணாகும். ஆனா புகைப்பழக்கம் உள்ள 65 தாண்டின ஆண்களை மட்டும் பிரிச்செடுக்கலாமே? மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல இருந்து வீடு வீடாப் போய் பிபி, சுகர் பாக்குது. அந்த நோட்டுலயே "பீடி, சிகரெட் உண்டா"ன்னு ஒரு கட்டம், உண்டுன்னா ஆயுள்ல ஒரே ஒரு வயித்து ஸ்கேன். வலிக்காது, ஊசி இல்ல, சில நிமிஷம்.

மீதிப் பாதியில நண்பர் சொல்றது தப்பு. மெஷின் வாங்கி நோயைக் கண்டுபிடிச்சு அனுப்பினாலும், வச்ச கிராஃப்டைப் பின்தொடர ஆள் இல்லைன்னா என் பெரியவர் கதைதான் எல்லாருக்கும். மக்களைத் தேடிப் போற அதே பெண்கள்கிட்ட "இவருக்கு வயித்துல கிராஃப்ட் இருக்கு, வருஷம் ஒரு ஸ்கேன்"னு ஒரு பட்டியல் கொடுங்க. அந்த ஸ்கேன் எல்லாம் சிமுலேஷன் குழுவுக்கும் திரும்பிப் போகணும். நீங்க கணிச்சது இது, நடந்தது இது. அந்தத் தகவல் திரும்பாத வரைக்கும் நம்ம மாடல் நம்ம மக்களைப் பத்தி எதையும் கத்துக்காது.

இன்னொரு சின்ன விஷயம், காசே செலவு இல்லாதது. ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்குறப்ப கம்ப்யூட்டர் படத்தைக் காட்டுறீங்கன்னா, அதுக்குக் கீழ தமிழ்ல மூணு வரி எழுதுங்க டாக்டர்களே. இது உங்க குழாயை அளந்த படம். கிராஃப்ட் எப்படி உக்காரும்ங்கறது ஒரு கணிப்பு. வருஷாவருஷம் ஸ்கேன் எடுக்காம இருந்தா, உள்ள கசிஞ்சாலும் உங்களுக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியில நாம இங்கிலீஷ்ல எழுதின "சிடி அட் ஒன் மன்த்"தை என் பெரியவர் வீட்ல யாரும் படிக்கல. அதை நான் கூட அன்னிக்கு எடுத்துச் சொல்லல. பலாப்பழம் வாங்கி வச்சேன், சம்மரியைப் பிரிச்சுப் பாக்கல.

அவருக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. அன்னிக்கே எங்க ஸ்கேன்ல பாத்தோம். 6.3 இருந்த வீக்கம் 7.1. கிராஃப்ட் வேலை செஞ்சா சுருங்கணும், இல்ல அப்படியே நிக்கணும். வளர்ந்திருக்குன்னா உள்ள எங்கயோ அழுத்தம் போகுது. வலி வேற இருக்கு. காத்திருக்க நேரமில்லைன்னு 108-ல ஏத்தி அனுப்பினோம். பையன் ஏறும்போது, "சார், அன்னிக்கே யாராவது இப்படிச் சொல்லியிருந்தா வேலையை விட்டுட்டாவது கூட்டிக்கிட்டுப் போயிருப்பேனே"ன்னார். பதில் சொல்ல என்கிட்ட எதுவும் இல்ல.

ராத்திரி சிடி எடுத்தாங்க. மேல் முனையில கசிவு. கழுத்து விரிஞ்சு கிராஃப்ட் கொஞ்சம் கீழ இறங்கியிருக்கு. மறுநாள் அதே தொடை வழியாப் போய் மேல இன்னொரு துண்டு வச்சு அடைச்சாங்க. வைக்கிறதுக்கு முன்னாடி அங்க இருந்த டாக்டர் பையனை உக்கார வச்சு, ஸ்க்ரீன்ல பழைய படத்தையும் புதுப் படத்தையும் காட்டி, "அன்னிக்கு இங்க இருந்துச்சு, இன்னிக்கு இங்க இருக்கு"ன்னு தமிழ்ல விளக்கினாராம். அவருக்கு என் வணக்கம்.

கமென்ட்ல எப்படியும் கேப்பீங்க, அதனால இங்கயே சொல்லிடறேன். 65 தாண்டின, புகை பிடிச்ச ஆண், இல்ல அண்ணன் தம்பி அப்பாவுக்கு இந்த நோய் இருந்தவங்க, அரசு ஆஸ்பத்திரியில வயித்து அல்ட்ராசவுண்ட் கேளுங்க, "மகாதமனியையும் அளந்து எழுதுங்க"ன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. ஏற்கனவே கிராஃப்ட் வச்சிருந்தா இன்னிக்கே சம்மரியைத் தேடி எடுத்து அடுத்த ஸ்கேன் தேதியைக் காலண்டர்ல குறிங்க. கிட்னி பிரச்சினை இருந்தா சிடி சாயத்துக்குப் பயந்து விட்டுடாதீங்க, டாப்ளர் ஸ்கேன்ல பாக்க வழி இருக்கு, டாக்டர்கிட்ட கேளுங்க. திடீர்னு கடுமையான வயித்து வலி, முதுகு வலி, மயக்கம்னா வாயு மாத்திரை வேணாம், 108.

நேத்து அவர் மருமகள் போன் பண்ணுச்சு. மாமாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சாம். ஒரு மாச சிடிக்குத் தேதி கொடுத்திருக்காங்களாம், அது சரியா தைப்பூசத்தன்னிக்கு வருதாம். போனைப் பிடுங்கி பெரியவரே பேசினார்: "தம்பி, வருஷம் தவறாம வடலூர்ல ஜோதி பாக்குறவன் நானு. அன்னிக்கு மட்டும் முடியாது. மறுநாள் போறன், நீங்க அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க." சொல்லிட்டேன். மறுநாள் காலை பத்து மணிக்கு மாத்திக் கொடுத்துட்டாங்க.